மோட்டாரில் இன்னும் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி: மின்மோட்டார் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதில் இன்னமும் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறார்களே, என்னதான் மிச்சம் இருக்கிறது?

காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் மாமாவும் இதையேதான் கேட்டார். நான் மோட்டார் வடிவமைப்பில் ஆராய்ச்சி செய்கிறேன். ஆனால் என் பொழுது முக்கால்வாசி வெறும் இரும்புத் தகட்டோடுதான் போகிறது.

மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு ஒரே கட்டி அல்ல. அரை மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை (கடைக்காரர்கள் மொழியில் ஸ்டாம்பிங்) அடுக்கியது. காந்தப்புலம் மாறும்போது இரும்புக்குள்ளேயே சுற்றும் மின்னோட்டத்தால் (சுழல் மின்னோட்டம்) வீணாகச் சூடாகிப்போகும் மின்சாரம், அதாவது இழப்பு, தகட்டுத் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதனால்தான் இவ்வளவு மெலிது. சிலிக்கான் சேர்த்தால் மின்தடை கூடி இழப்பு குறையும். சரி, நிறையச் சேர்க்கலாமே என்றால், 6.5 சதவீதத்தில் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும். வழக்கமாக 3 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடுவார்கள்.

தகட்டை விற்பவர் கிலோவுக்கு இத்தனை வாட் இழப்பு என்று ஒரு அட்டவணை தருவார். அதை நம்பி கணினியில் கணக்குப் போட்டு, மோட்டாரைச் செய்து அளந்தால் இழப்பு கூடுதலாக வரும். காரணம் வெட்டுதான். அச்சில் வைத்துத் தகட்டை வெட்டும்போது விளிம்பு நசுங்கி, அங்கே காந்தத்தன்மை கெடுகிறது. சின்ன மோட்டாரில் ஒரு பல்லின் (காயில் சுற்ற இரும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) அகலமே சில மி.மீ. தான், அதில் கெடாத இடம் எவ்வளவு மிஞ்சும்? பல வடிவமைப்பாளர்கள் அனுபவத்தில் ஒரு எண்ணால் பெருக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது.

நான் செய்வது இதுதான். 3 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை அளப்பேன். அப்புறம் அதே தகட்டில் 15, 10, 5 மி.மீ. துண்டுகள் வெட்டி, பக்கத்தில் பக்கம் அடுக்கி மறுபடி 3 செ.மீ. ஆக்கி அளப்பேன். இரும்பு அதேதான், வெட்டு விளிம்பு மட்டும் கூடுகிறது. அளவீடுகளின் வித்தியாசத்திலிருந்து விளிம்பின் சேதத்தைப் பிரித்தெடுக்கலாம். காற்றுப்படாத உலையில் 750 டிகிரி அளவில் சுட்டால் சேதம் பெரும்பாலும் ஆறிவிடும். செலவுதான் இடிக்கும்.

சில மோட்டார்களில் இரும்போடு நிலைக்காந்தமும் இருக்கும், அது தனிக் கதை. நியோடிமியம் காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சூட்டில் அது வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், மலிவான ஃபெரைட் காந்தத்தை (இரும்பு ஆக்சைடில் செய்வது) வைத்தே மின்வாகன மோட்டார் செய்ய முடியுமா என்ற பழைய கேள்விக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "அட, ரீவைண்டிங் பண்ணின மோட்டார் கொஞ்சம் சூடாத்தான் ஓடும், எங்களுக்குத் தெரியாதா?" பழைய காயிலை நெருப்பு வைத்து எரித்து எடுக்கிறார்களே, அதில் தகடுகளுக்கு நடுவே உள்ள காப்புப் பூச்சும் கருகிப்போகிறது. உலையில் அளவாகச் சுட்டால் ஆறும் இரும்பு, தெருவில் எரித்தால் கெடுகிறது. போன வாரம் எரித்த ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) இரண்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார், அளந்து பார்க்கச் சொல்லி.