பாரிஸில் 29 பதக்கம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். புதுவயலில் ஒரு கல்யாண வீட்டில் விளையாட்டுப் பேச்சு வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கம், தங்கம் ஒன்றுகூட இல்லை. சில வாரங்களில் அதே ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த பாராலிம்பிக்கில் 29 பதக்கம், அதில் 7 தங்கம். "பிரிவுக்கு மேல் பிரிவு வைத்துப் பதக்கத்தை வாரி வழங்குகிறார்கள். இதையெல்லாம் ஒலிம்பிக்கோடு சேர்த்துப் பேசலாமா?" என்று ஒரு பங்காளி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கேட்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே இடது கையில் வலுவில்லை. விளையாட்டு வகுப்பு வந்தால் அவளை மட்டும் வகுப்பறையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்தப் பாராலிம்பிக்கில் பேட்மிண்டன் ஆடிய துளசிமதியின் ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து பேட்மிண்டன் மட்டை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறாள். என் ஆத்தாவோ, "பெண்பிள்ளை, நாலு பேர் பார்க்க விழுந்து எழ வேண்டுமா?" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்,
தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் பங்காளி சொன்னதில் பாதி உண்மை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 329 போட்டிகள், பாராலிம்பிக்கில் 549. பதக்கங்கள் அங்கே அதிகம்தான். ஆகவே 6ஐயும் 29ஐயும் அருகருகே வைத்து எது பெரிது என்று கேட்பதில் பயனில்லை. ஒலிம்பிக்கில் நம்மவர்கள் நான்காம் இடத்தோடு திரும்பிய போட்டிகள் மட்டுமே ஆறு. அவர்களைத் தாழ்த்தி இவர்களை உயர்த்த வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

பாராலிம்பிக்கைப் பாராலிம்பிக்கோடு வைத்துப் பாருங்கள். 2012இல் லண்டனில் 503 போட்டிகள் நடந்தன; நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளி. 2016 ரியோவில் 528 போட்டிகள், 4 பதக்கம். டோக்கியோவில் 539 போட்டிகள், 19 பதக்கம். பாரிஸில் 549 போட்டிகள், 29 பதக்கம். போட்டிகள் பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. நம் பதக்கங்கள் ஒன்றிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போயிருக்கின்றன. வாரித்தான் வழங்குகிறார்கள் என்றால் லண்டனில் நமக்கு ஏன் வழங்கவில்லை? 1968இலிருந்து 2016 வரை கலந்துகொண்ட எல்லாப் பாராலிம்பிக்கையும் கூட்டினாலும் 12 பதக்கம்தானே வந்தது?

என்ன மாறியது என்பதற்கு இன்னொரு வரிசையைப் பார்க்க வேண்டும். லண்டனுக்கு நாம் அனுப்பியது 10 பேர். ரியோவுக்கு 19. டோக்கியோவுக்கு 54. பாரிஸுக்கு 84. அந்த 84 பேரில் 32 பேர் பெண்கள். பயிற்சி கூடியது, பணம் வந்தது, மத்திய அரசின் டாப்ஸ் உதவித் திட்டத்தில் பாரா வீரர்களையும் சேர்த்தார்கள், எல்லாம் சரி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஆட்கள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. அந்த 29 பதக்கத்தையும் வெளியே வந்தவர்களின் கணக்காகத்தான் நான் படிக்கிறேன்.

பிரிவுகளைப் பற்றி. மல்யுத்தத்தில் 57 கிலோ பிரிவில் அமன் ஷெராவத் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 125 கிலோ ஆளோடு மோதவில்லையே என்று யாரும் அதைக் குறைத்துப் பேசவில்லை. பாராலிம்பிக் பிரிவுகளும் அப்படித்தான். உடலில் எந்த இடத்தில் எவ்வளவு குறைபாடு என்பதை மருத்துவச் சான்றுகளோடு ஒரு குழு நேரில் சோதித்து, ஒத்தவர்களை ஒத்தவர்களோடு நிறுத்துகிறது. நிறுத்திய பிறகு விட்டுக்கொடுத்தல் எதுவும் இல்லை.

2024 செப்டம்பர் தொடக்கத்தில் பெண்கள் பேட்மிண்டன் எஸ்.யு.5 அரையிறுதியைப் பார்த்தீர்களா? கையில் குறைபாடு உள்ளவர்கள் ஆடும் பிரிவு அது. ஒரு பக்கம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன், மறுபக்கம் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ். பாரிஸில், பாராலிம்பிக் அரையிறுதியில், வலையின் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெண்கள்! 23-21, 21-17 என்று துளசிமதி வென்றார். அந்த 23-21 இருக்கிறதே, அதில் இரக்கத்துக்கு இடம் எங்கே? பேட்மிண்டனில் மட்டை பிடிக்கும் கை பாதி வேலையைத்தான் செய்கிறது. குதிக்கும்போதும் பின்னால் வளையும்போதும் உடம்பை நிறுத்துவது மறுகை. அது ஒத்துழைக்காதபோது கால்தான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அவர்களுடைய கால்களை மட்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இறுதி ஆட்டத்தில் சீனத்தின் யாங் சியூசியாவிடம் துளசிமதி 17-21, 10-21 என்று தோற்றார். முதல் செட்டில் இருந்த இறுக்கம் இரண்டாவதில் இல்லை. இதையும் நாம் சொல்ல வேண்டும் தம்பி. ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் ஆடும் லக்‌ஷயா சென் தோற்றால் எங்கே தவறினார் என்று இரவெல்லாம் விவாதிக்கிறோம். மாற்றுத்திறனாளி தோற்றால் "வந்ததே பெரிது" என்று முடித்துவிடுகிறோம். அதை மரியாதை என்று நான் ஏற்கமாட்டேன். "கை கால் நன்றாக இருக்கிற நாம் என்ன சாதித்தோம்?" என்று அவர்கள் படத்தைப் போட்டு அறிவுரை எழுதுகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நமக்குப் பாடம் நடத்தவா அந்தப் பெண் பாரிஸ் போனாள்? அவள் போனது ஜெயிக்க.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பாராலிம்பிக்கில் நான்கு பதக்கம். துளசிமதி வெள்ளி. மனிஷாவும், உயரம் குறைந்தவர்கள் ஆடும் பேட்மிண்டன் எஸ்.எச்.6 பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனும், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலுவும் வெண்கலம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலிருந்து வந்த மாரியப்பன் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் மழை, குறையுள்ள காலில் போட்டிருந்த காலுறை நனைந்து கனத்துவிட்டதாகச் சொன்னார், 1.86 மீட்டர், வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி நசுங்கிய கால் அது. காய்கறி விற்று வளர்த்த தாய் "நீ உட்கார்" என்று அவரை உட்கார வைத்திருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறப் படி. நிலைவாசல் தாண்டினால் முகப்பு. நடுமுற்றமான வளவில் இறங்க ஒரு படி, மேடான பட்டாலைக்கு ஏற ஒரு படி. இரண்டாங்கட்டுக்கு இன்னொரு நிலை. நடப்பதற்குச் சிரமப்படும் பிள்ளை உள்கட்டிலிருந்து தெருவைப் பார்க்கவே யாராவது தூக்கிவர வேண்டும். வீட்டின் அழகைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று. அதன் படிகளுக்குள் அடங்கிப் போனவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

எனக்கு அண்ணன்முறையாகும் ஒருவருக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. "கால்தானே சரியில்லை, கணக்கெழுதப் பழகட்டும்" என்று அடக்க விலைக் கணக்கிலும் வட்டிக் கணக்கிலும் அவரை உட்கார வைத்தார்கள். அன்போடுதான் செய்தார்கள். அவரும் சலிக்காமல் எழுதினார். ஆனால் குளிக்கிற ஊருணியில் அவர் நீந்துவதை நான் பார்த்திருக்கிறேன். படித்துறையில் கையை ஊன்றி ஊன்றி இறங்குவார். எங்களில் பாதிப்பேர் அதற்குள் நனைந்து கரையேறிவிடுவோம். தண்ணீரில் இறங்கிவிட்டாரோ, அக்கரைக்குப் போய்த் திரும்பும்வரை அவரை யாராலும் பிடிக்க முடியாது. தோள் இரண்டும் அப்படி வேலை செய்யும். இதற்கு ஒரு போட்டி இருக்கிறது, உலகம் முழுக்க இதற்காகப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை. 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தை முரளிகாந்த் பேட்கர் வாங்கித் தந்தது நீச்சலில்தான், 50 மீட்டரில். 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் அவர். அந்தச் செய்தி எங்கள் ஊருணிக்கரைக்கு வந்து சேரவே இல்லை.

பாரிஸில் நீச்சலில் மட்டும் 141 போட்டிகள். தடகளத்துக்கு அடுத்து அதிகப் பதக்கம் அங்கேதான். நமக்கு ஒன்றும் இல்லை. பேட்கருக்குப் பிறகு பாராலிம்பிக் நீச்சலில் நமக்கு ஒரு பதக்கமும் வரவில்லை. பாரிஸில் வந்த 29இல் 17 தடகளம். மீதி பேட்மிண்டன், துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, ஜூடோ. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்திருக்கும் சீமையில் பிறந்தவள் என்பதால் இது எனக்குக் கூடுதலாக உறைக்கிறது.

உங்கள் மகளுக்கு மட்டையை வாங்கிக் கொடுங்கள். பதக்கத்துக்காக வேண்டாம், அவள் கேட்கிறாள் என்பதற்காக. பள்ளியில் அவளை உட்கார வைப்பது கருணையாகத் தோன்றலாம். சட்டப்படி அது தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளி தர வேண்டும் என்கிறது. சண்டைக்குப் போக வேண்டாம். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதமாக எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகிற கையோடு மாவட்ட விளையாட்டு அலுவலரையும் பார்த்துவிடுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, அதில் சேரும் வழியை அவர் சொல்வார். படிப்பு கெட்டுவிடும் என்று கவலைப்படாதீர்கள். துளசிமதி கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டேதான் பாரிஸ் போனார். அவருக்கு முதலில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தந்தை.

உங்கள் ஆத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேத்தி விழுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயம் நம் வீடுகளில் பல தலைமுறையாக இருப்பது. விளக்கம் சொல்லி அதைப் போக்க முடியாது. அந்த அரையிறுதியை அவர் அருகில் உட்கார்ந்து முழுவதுமாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பெண்களும் எத்தனை முறை தரையில் விழுகிறார்கள் என்பதை அவரே பார்க்கட்டும்.

தலைமை ஆசிரியரைப் பார்க்கத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
ஆச்சி