டீலியா பாட்டியின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். பாஸ்டனில் இருக்கிறோம். மாமியாருக்கு 74 வயது. அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி டீலியா வால்ஷ், அயர்லாந்தின் மேயோ கவுண்டியிலிருந்து 1908 வாக்கில், பதினெட்டு வயதில் இங்கே வந்தவராம். அவர் பிறந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. வரும் கோடையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் போக நினைக்கிறோம். டப்ளின் ஆவணக் காப்பகத்துக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறேன்.
– வாசகி, பாஸ்டன்

பதில்: காப்பகத்துக்கு நாளே ஒதுக்க வேண்டாம். டப்ளினில் அரை நாள் வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய தாள்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேடலை பாஸ்டனில் முடித்துவிட்டு, அயர்லாந்துக்குப் பார்க்க மட்டும் போங்கள். தேடுவதற்கென்று விமானம் ஏறுகிறவர்கள் பத்தில் நாலு நாளை கம்ப்யூட்டர் திரை முன்னால் கழித்துவிட்டு, பிள்ளைகளின் முணுமுணுப்போடு ஊர் திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. டீலியா என்று தேடினால் மேயோவில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். அங்கே அவர் பெரும்பாலும் பிரிட்ஜெட்டாகத்தான் இருப்பார். டீலியா, பிரைடி, பிடி எல்லாமே பிரிட்ஜெட்டைச் சுருக்கிக் கூப்பிடும் பெயர்கள். அமெரிக்காவில் ‘பிடி’ என்றாலே ஐரிஷ் வேலைக்காரப் பெண் என்று கேலி பேசிய காலம் அது. அதனால் கப்பலை விட்டு இறங்கிய பிரிட்ஜெட்டுகள் பலர் சத்தமில்லாமல் டீலியா ஆகிவிட்டார்கள். வால்ஷ் என்ற குடும்பப் பெயரோ மேயோவில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும். அதற்கு ‘வேல்ஸ்காரர்’ என்று அர்த்தம். ஆக, ‘மேயோ, பிரிட்ஜெட் வால்ஷ்’ என்பது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதை. ஊசி கிடைக்க உங்களுக்கு வேண்டியது டவுன்லேண்டின் பெயர்.

டவுன்லேண்ட் என்றால் நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தில் நிலத்தைப் பிரிப்பதில் கடைசிக் கூறு அது. சில நூறு ஏக்கர், சில வீடுகள், அவ்வளவுதான். நம் ஊர் குக்கிராமத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். தீவு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. ஒரே பெயரில் பல டவுன்லேண்டுகள் இருப்பதால், எந்தப் பங்கில் (பாரிஷ் என்பார்கள், ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் பகுதி) இருப்பது என்றும் சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் பெயரை மட்டும் நம்பிப் போய், வேறொரு பங்கில் இருந்த அதே பெயர்க்கார ஊரில் யாரோ ஒருவரின் இடிந்த சுவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

அந்த டவுன்லேண்ட் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதத்தில்தான் அகப்படும். பாட்டியின் கல்யாணம் நடந்த பாஸ்டன் தேவாலயத்தின் பதிவு, இறப்புச் சான்றிதழ், கல்லறைக் கல், பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு எல்லாவற்றையும் திரட்டுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் கப்பல் பட்டியல். 1907-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் இரண்டு பக்கம் ஓடும். இடப் பக்கத்தில், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும். வலப் பக்கத்தில், அமெரிக்காவில் யாரிடம் போகிறார், எந்த ஊரில் பிறந்தார் என்ற விவரம். இணையத்தில் இடப் பக்கம் மட்டும் முதலில் திறக்கும், பலர் அதோடு விட்டுவிடுவார்கள். அம்புக்குறியை அழுத்தி அடுத்த பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்க அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பட்டியலைத் தயாரித்தது கப்பல் கம்பெனி, அதுவும் ஏறின துறைமுகத்தில்.

இனி அயர்லாந்துப் பக்கம். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அப்படியே இருக்கின்றன. 1901 மார்ச் 31 அன்று டீலியாவுக்குப் பத்துப் பதினோரு வயது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களோடு ஒரே தாளில் இருப்பார். யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், யார் ஐரிஷ் பேசுவார்கள் என்பதும் அதில் இருக்கும். கூடவே உள்ள இன்னொரு படிவம், வீட்டுக்குக் கூரையா ஓடா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்றுகூடச் சொல்லும். 1911-இல் பாட்டி இருக்கமாட்டார். ஆனால் அவருடைய அம்மாவின் வரிசையில், கல்யாணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை என்று மூன்று எண்கள் இருக்கும். மாமியாரிடம் அந்த மூன்று எண்களை மட்டும் காட்டுங்கள்.

வயது விஷயத்தில் ஏமாறவேண்டாம். 1901-இல் 55 வயதான தாத்தா 1911-இல் 70 ஆகியிருப்பார். இடையில் 1909-இல் முதியோர் ஓய்வூதியம் வந்தது, 70 நிரம்பினால்தான் பணம்! பிறப்புப் பதிவிலும் இதே தமாஷ் உண்டு. தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் அப்பாக்கள் தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். ஆகவே பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைகள் அயர்லாந்தில் ஏராளம். அந்தப் பிறப்புப் பதிவுகள் ‘ஐரிஷ்ஜீனியாலஜி’ என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

‘1922 தீயில் எல்லாம் போய்விட்டதே’ என்று யாராவது பயமுறுத்துவார்கள். டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது உண்மைதான். 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அதில்தான் போயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. ஆனால் 1890-இல் பிறந்த ஒருவரைத் தேடுகிற உங்களுக்கு அந்த இழப்பு பெரிதாகத் தட்டாது.

அடுத்து நிலம். நம் ஊர் அடங்கல் மாதிரி, 1847-க்கும் 1864-க்கும் இடையில் அயர்லாந்து முழுவதும் எடுத்த கிரிஃபித் மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. யார் குத்தகைதாரர், யார் நிலச்சுவான்தார், எத்தனை ஏக்கர், வரைபடத்தில் எந்த எண் என்று எல்லாம் அதில் உண்டு. இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நேராக வீட்டைத் தேடாதீர்கள். 1891-இல் தொடங்கிய ‘நெருக்கடி மாவட்ட வாரியம்’ என்ற அரசு அமைப்பு மேயோவில் துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களைச் சேர்த்துப் பிரித்ததில் பல வீடுகளே இடம் மாறின. கிரிஃபித்துக்குப் பிறகு நிலம் யார் யார் கைக்குப் போனது என்பதைத் திருத்தப் புத்தகங்கள் காட்டும். ஒவ்வொரு திருத்தமும் ஒவ்வொரு வண்ண மையில் இருக்கும். அவை டப்ளினில் டெயில்டே ஏரன் என்ற அரசு அமைப்பிடம் உள்ளன. நான் சொன்ன அரை நாள் இதற்குத்தான். முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும்போது டப்ளினில் இறங்கி, திரும்பும்போது மேற்கே உள்ள ஷானன் விமான நிலையத்தில் ஏறுங்கள், வந்த வழியே திரும்பவேண்டியதில்லை. மேயோவில் கட்டாயம் கார் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி குறைவு, சீக்கிரம் பதிவு செய்யுங்கள். அங்கே இடது பக்கம்தான் ஓட்டவேண்டும். ஊரில் ஓட்டிப் பழக்கம் இருந்தால் ஸ்டியரிங்கை நீங்களே பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

பிள்ளைகளுக்காக காசில்பார் பக்கத்தில் டர்லோவில் இருக்கும் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் வையுங்கள், கட்டணம் கிடையாது. டீலியா வீட்டில் புழங்கிய மாதிரியான கூடையும் மண்வெட்டியும் அங்கே இருக்கும். குடும்பப் பெயருக்கு ‘குலச்சின்னம்’ அச்சடித்து விற்கும் கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள். அந்தச் சின்னங்கள் தனி ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டவை, வால்ஷ் என்ற எல்லோருக்கும் சொந்தமல்ல.

வீடு? முழுசாக நிற்கும் என்று மாமியாரிடம் சொல்லி வைக்காதீர்கள். பெரும்பாலும் கூரையில்லாத இரண்டு சுவரும் முள்ளும் மாடுகளும்தான். அது இன்று யாரோ ஒரு விவசாயியின் நிலம். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வாருங்கள். ஒரு மாதம் முன்பே அந்தப் பங்குத்தந்தைக்கு எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போங்கள். பூசை முடிந்து வாசலில் நிற்கும் பெரியவர்கள் எந்தக் காப்பகத்துக்கும் இளைத்தவர்கள் அல்ல.

உங்கள் விசா: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா கட்டாயம். கிரீன் கார்டு உதவாது. ஷெங்கன் விசாவும் செல்லாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முதல் நாளே போட்டுவிடுங்கள். இன்னொன்று: பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால் மாமியார் விரும்பினால் ஐரிஷ் குடியுரிமைக்குப் பதியலாம். ஆனால் இப்போது பதிவதால் அது மகனுக்குச் சேராது.

கடைசியாக ஒரு வேலை. அந்தக் காலத்தில் அமெரிக்கா கிளம்புகிறவர்களுக்கு முதல் நாள் இரவு ‘அமெரிக்கன் வேக்’ என்று நடக்கும். சாவு வீட்டில் விழித்திருப்பது போல ஊரே கூடி விழித்திருக்கும், திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்ததால். யாராவது தூரத்து உறவு அகப்பட்டால், டீலியா அப்புறம் என்ன ஆனாள் என்று அவர்கள்தான் உங்களிடம் கேட்பார்கள். அவருடைய கல்யாணப் போட்டோ, பிள்ளைகள், பாஸ்டன் வீடு எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, பின்பக்கம் பெயரும் ஆண்டும் மாமியார் கையாலேயே எழுதச் சொல்லி எடுத்துப் போங்கள்.