ழான் டியூசெப்: கேட்டார்கள், சொன்னேன்

கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் மேடை, வானொலி, தொலைக்காட்சி, சினிமா நான்கிலும் வாழ்ந்த நடிகர் ழான் டியூசெப் (1923–1990) பற்றிக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். வந்து பார்த்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன, பாதி அவருடைய மகனைப் பற்றி. முடிந்தவரை வரிசையாகப் போகிறேன். பிடித்த கேள்விக்கு நீளமாகவும் பிடிக்காததற்கு ஒரு வரியிலும் பதில் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: நான் அவரைப் பார்த்ததே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

க்ளோத் ஜுத்ரா இயக்கி 1971ல் வந்த 'மோன் ஓங்கிள் அந்த்வான்'. கனடாவின் மிகச் சிறந்த படம் எது என்று டொராண்டோ திரைப்பட விழாக்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தியபோது 1984, 1993, 2004 என மூன்று முறையும் முதலில் வந்தது. இதில் நடித்ததற்கு டியூசெப்புக்குக் கனடா திரைப்பட விருதும் கிடைத்தது.

1940களில் கல்நார் சுரங்க ஊர் ஒன்று. அங்கே பலசரக்கு, துணி எல்லாம் விற்கும் கடைக்காரர் அந்த்வான். ஊரில் யாராவது செத்தால் சவப்பெட்டி கொடுத்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வதும் அவரே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தொலைவில் ஒரு வீட்டில் பையன் இறந்துபோகிறான். உடலை எடுத்துவர, வளர்ப்புப் பிள்ளை மாதிரி வீட்டில் இருக்கும் பெனுவாவைக் கூட்டிக்கொண்டு பனிச்சறுக்கு வண்டியில் போகிறார்.

அந்த வீட்டில் அவர் சாப்பிடுவதைப் பாருங்கள். பக்கத்து அறையில் பிணம். பெற்றவள் பரிமாறுகிறாள். பெனுவாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. டியூசெப் மட்டும் தட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் வழித்து வழித்துச் சாப்பிடுகிறார். முதலில் நமக்கு எரிச்சல் வருகிறது. திரும்பும் வழியில் பெட்டி வண்டியிலிருந்து பனியில் விழுந்துவிடுகிறது. குடித்துத் தள்ளாடும் அந்த்வானால் ஒரு பக்கத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் உடைந்து அழுகிறார்: எனக்குப் பிணம் என்றாலே பயம், இந்த வேலைக்கு நான் பிறக்கவில்லை, அமெரிக்கா போய் ஹோட்டல் நடத்த ஆசைப்பட்டேன். அந்தப் பயத்தை மறைக்கத்தான் அப்படிச் சாப்பிட்டார் என்பது அந்த நேரத்தில் பிடிபடுகிறது. முகத்தைக் கோணி அழுகிற நடிப்பு இல்லை. குரல் மட்டும் ஒரு சின்னப் பையனுடையதாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படத்துக்கு ஆங்கில டப்பிங் ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள். டியூசெப் வானொலியில் பழகிய நடிகர், அவர் சொத்தே குரல்தான்.

கே: கியூபெக் தனிநாடு கேட்கும் பிளாக் கெபெக்வா கட்சியின் முன்னாள் தலைவர் ஜில் டியூசெப் இவருக்கு உறவா?

மகன். அடுத்த கேள்வி.

கே: எந்த நடிப்புப் பள்ளியில் படித்தார்?

மாண்ட்ரியலின் கிழக்குப் பக்கம் செந்த்-கத்ரீன் தெருவில் 'லார்காட்' என்றொரு நாடகக் கொட்டகை இருந்தது. அதுதான் பள்ளி. 1940களில் அங்கே வாரம் ஒரு புது நாடகம் போடுவார்கள். இன்றைக்கு இரவு ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டே, பகலில் அடுத்த வார நாடகத்துக்கு வசனம் மனப்பாடம். பெரும்பாலும் பாரிஸிலிருந்து வந்த குடும்பக் கதைகளும் அழுகாச்சிகளும். கலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் வரி மறந்தால் தாங்கிப் பிடிக்கவும், முன் வரிசையில் இருமல் கேட்டால் வசனத்தை அரை நொடி தள்ளிப் பேசவும் அங்கேதான் ஒருவன் கற்றுக்கொள்ள முடியும். இவர் தலைமுறையில் பலர் இப்படித்தான் வந்தார்கள்.

கே: தொலைக்காட்சியில் என்ன செய்தார்?

'லா ஃபமிய் ப்ளுஃப்' தொடர், பொது ஒளிபரப்பு நிறுவனமான ரேடியோ-கனடாவில் 1953 முதல் 1959 வரை. எழுதியவர் ரொஜெ லெமலென். கியூபெக் நகரத்துத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை. டியூசெப்புக்கு ஸ்டான் லாப்ரி பாத்திரம். ஒளிபரப்பு அத்தனையும் நேரலை, தப்பு நடந்தால் நடந்ததுதான். 1954லிருந்து இதே கதையை நடிகர்கள் ஆங்கிலத்திலும் நேரலையாக நடித்தார்கள், அது நாடு முழுக்கப் போனது. பிரெஞ்சில் ஒரு தடவை, அப்புறம் அதே காட்சி இரவல் மொழியில். லார்காட் பயிற்சி இல்லாத ஒருவரால் அதைத் தாங்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கே: ஆங்கில டப்பிங்கில் பார்க்கத் தொடங்கினேன், அந்த்வான் ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறாரே?

முதல் பதிலில் உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள்.

கே: தொழிற்சங்கத்தில் இருந்தாராமே, பெயரளவுக்கா, நிஜமாகவா?

நிஜமாக. நடிகர் சங்கமான 'யூனியோன் தெஸ் ஆர்திஸ்த்' தலைவராக இருந்த காலத்தில்தான் ரேடியோ-கனடாவின் பிரெஞ்சுப் பிரிவுத் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1958 டிசம்பர் 29 தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை, இரண்டு மாதத்துக்கும் மேல். தயாரிப்பாளர்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், உங்களுக்குச் சங்கம் வைக்க உரிமையே இல்லை என்றது நிறுவனம். நடிகர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். சம்பளம் இல்லாமல் காய்ந்த நாட்களில் மேடை நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டினார்கள். அப்போது பிரபல தொலைக்காட்சிப் பத்திரிகையாளராக இருந்த ரெனே லெவெக் அந்த மேடைகளில் பேசித்தான் அரசியல்வாதி ஆனார் என்றே சொல்வார்கள். 1976ல் கியூபெக் முதல்வரானவர் அவர்.

கே: ஜில் டியூசெப்பை அரசியலுக்குக் கொண்டுவந்தது அப்பாவா?

அப்பா கியூபெக் தனிநாடாக வேண்டும் என்றவர். மகன் 1990 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் வென்றார், அப்பா அந்த டிசம்பரில் இறந்தார். இதற்கு மேல் மகனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அரசியல் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். உண்மையாகவே கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

கே: தொழிற்சங்கத் தலைவர் என்கிறீர்கள். அப்படியானால் சங்கங்களை நசுக்கிய மோரிஸ் துப்ளெஸியாக மேடையில் நடித்துக் கைதட்டல் வாங்கியது துரோகம் இல்லையா?

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: துப்ளெஸி 1936லிருந்து 1939 வரையும், பிறகு 1944லிருந்து 1959ல் சாகும்வரையும் கியூபெக்கை ஆண்டவர். 'ல ஷெஃப்', தலைவர், என்றாலே அவர்தான். 1949 பிப்ரவரியில் ஆஸ்பெஸ்டாஸ், தெட்ஃபோர்ட் மைன்ஸ் ஊர்களில் சுமார் 5000 கல்நார்ச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அது சட்டவிரோதம் என்று சொல்லி மாகாணப் போலீஸை அனுப்பினார். மாண்ட்ரியல் பேராயர் ஜோசஃப் ஷார்பொனோ தொழிலாளர் பக்கம் பேசினார், கோயில் வாசல்களில் அவர்களுக்காகப் பணம் வசூலிக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் பதவி போயிற்று. காரணம் உடல்நலம் என்றார்கள். நாட்டின் மறு கோடியில் விக்டோரியாவுக்குப் போய் அங்கேயே இறந்தார்.

ஜான் தாமஸ் மெக்டொனா ஆங்கிலத்தில் எழுதிய நாடகம் இந்த இருவரின் மோதல். 1971ல் கியூபெக் நகரின் திரிதான் நாடகக் குழு அதைப் பிரெஞ்சில் 'ஷார்பொனோ எ ல ஷெஃப்' என்று மேடையேற்றியது. டியூசெப்தான் துப்ளெஸி. கூட்டம் அலைமோதியது.

இதில் துரோகம் எங்கே வந்தது? துப்ளெஸி ஐந்து தேர்தல்களில் ஜெயித்தவர். 1971ல் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள், எத்தனை பேருடைய அப்பா அம்மா போட்டிருப்பார்கள்? கொம்பும் வாலும் வைத்து ஒரு அரக்கனைக் காட்டினால் அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். 'இந்த ஆளுக்கா நான் ஓட்டுப் போட்டேன், சேச்சே' என்று. சிரிக்க வைக்கிற, கிராமத்துப் பேச்சு பேசுகிற, தோளில் கை போடுகிற ஒருவனைக் காட்டினால்தான், ஏன் அவனிடம் மயங்கினோம் என்று யோசிக்க வேண்டிவரும்.

கே (மேலே கேட்டவரே): அழகான விளக்கம். ஆனால் சிரித்தவர்கள் யோசித்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? நடிப்பு நன்றாக இருந்தால் அடிபட்ட தொழிலாளி மறந்துபோவான், தலைவரின் நக்கல்தான் நினைவிருக்கும்.

பார்ப்பவர் மண்டைக்குள் புகுந்து சாட்சி கொண்டுவர என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அதே 1971ல்தான் அந்த்வான் படமும் வந்தது. அதுவும் கல்நார் ஊர்தான், வேலைநிறுத்தத்துக்குச் சற்று முந்தைய காலம். அதில் சுரங்க முதலாளி குதிரைவண்டியில் தெருவோடு போய், பிள்ளைகளுக்கு மலிவுப் பரிசுகளை வீசி எறிகிற காட்சி ஒன்று உண்டு. பெரியவர்கள் வாசலில் நின்று வாய் திறக்காமல் பார்க்கிறார்கள். பெனுவாவும் இன்னொரு பையனும்தான் பனி உருண்டையால் அடிக்கிறார்கள். ஒரே நடிகர் ஒரே ஆண்டில் ஒரு பக்கம் அந்த ஊரை நசுக்கிய தலைவர், இன்னொரு பக்கம் அதே மாதிரி ஊரில் பயந்து பயந்து பெட்டி விற்ற வியாபாரி. தலைவர் ஏன் அத்தனை ஆண்டு நிலைத்தார் என்பதற்கு அந்த்வான்தான் பதில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் துரோகம் என்று சொல்லாதீர்கள்.

கே (நாடகம் போடுகிறவர்): நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பிரச்சினை நடிகரிடம் இல்லை, எழுத்தில். பேராயர் நல்லதையே பேசுவார், நகைச்சுவை எல்லாம் தலைவருக்கு. யார் நடித்தாலும் தலைவர்தான் ஜெயிப்பார்.

சரியாகப் பிடித்தீர்கள், இதற்கு எதிர்வாதம் இல்லை. நல்லவன் வேஷத்துக்கு எப்போதும் வசனம் கனமாகவும் ருசி குறைவாகவும் இருக்கும். ஷார்பொனோவாக நடித்த ழான்-மாரி லமியூவுக்குத்தான் கடினமான வேலை.

கே (முதலில் கேட்டவர்): அப்படியானால் நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை. எழுத்து சாய்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். நடிகர் துரோகம் செய்தார் என்பது வேறு. இதை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: ரெமி ஜிரார் பற்றிச் சொல்லுங்கள்.

நல்ல நடிகர், என் துறை இல்லை. 'லேஸ் அன்வாஸியோன் பார்பார்' (2003) பாருங்கள்.

கே: சொந்த நாடகக் கம்பெனி ஏன் தொடங்கினார்? வெறும் வணிக நாடகம் என்கிறார்களே?

1973ல் மாண்ட்ரியலின் பிளாஸ் தெஸ் ஆர் வளாகத்தில் தொடங்கினார். தெயாத்ர் து நூவோ மோந்த் போன்ற குழுக்கள் மொலியேர், ஷேக்ஸ்பியர் என்று பெயர் வாங்கியிருந்தன. டியூசெப் சமகால அமெரிக்க நாடகங்களையும் கியூபெக் நாடகங்களையும், அரங்கில் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் பேசுகிற பிரெஞ்சில் போட்டார். சந்தா கட்டிய பார்வையாளர்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். அவர் திரும்பத் திரும்ப நடித்த பாத்திரம் ஆர்தர் மில்லரின் வில்லி லோமன். தோற்றுப்போன விற்பனையாளன், அந்த்வானுக்கு அண்ணன் முறை. டிக்கெட் விற்பதைக் கேவலம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

கே: ஜுத்ரா மீது குற்றச்சாட்டுகள் வந்த பிறகும் அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்கிறீர்களே?

நியாயமான கேள்வி. ஜுத்ரா 1986ல் இறந்தார். 2016ல் வந்த வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்று, சிறுவர்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டார் என்று சொன்னது. சில நாட்களிலேயே அவர் பெயரிலிருந்த கியூபெக் சினிமா விருதின் பெயரை எடுத்தார்கள், இப்போது அது 'ஐரிஸ்'. அது சரியான முடிவு. பதின்வயதுப் பையனின் பார்வையில் போகிற படம் என்பதால் சிலருக்கு இப்போது பார்க்கவே முடியவில்லை, அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். நான் இன்னும் பார்க்கிறேன், டியூசெப்புக்காகவும், மிஷெல் ப்ரோவின் ஒளிப்பதிவுக்காகவும், துக்கத்தில் இருக்கும் தாயாக எலேன் லுவாஸெலுக்காகவும்.

கே: மகன்...

அடுத்தது.

கே: அடுத்த மாதம் மாண்ட்ரியல் போகிறேன். அவர் நினைவாகப் பார்க்க ஏதாவது உண்டா?

பிளாஸ் தெஸ் ஆர் மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள், வளாகத்துக்குள்ளேயே போய்விடலாம். அங்கே போர்-ருவாயால் என்று இருந்த அரங்கம் 1991லிருந்து அவர் பெயரில் இருக்கிறது. கம்பெனியும் இன்னும் நாடகம் போடுகிறது. பிரெஞ்சு தெரியாவிட்டால், முன்பே படித்த நாடகமாக ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். பின் வரிசை வேண்டாம், வசனம் புரியாத இடத்தில் முகமாவது தெரிய வேண்டும்.