சித்தப்பா அனுப்பிய இரண்டு பெயர்கள்

கேள்வி: உயர்தரத்தில் தமிழ், இந்து நாகரிகம், அரசறிவியல் செய்தேன். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கம்பஸுக்குக் காணாது. நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா, அங்கே சமயக் கற்கைகளில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் செய்யலாம், செலவைத் தான் பார்ப்பதாகச் சொல்கிறார். இரண்டு கல்லூரிகளின் பெயரும் அனுப்பினார். ஒன்று முழுக்க ஒன்லைன், கட்டணமும் குறைவு. எதை எடுக்கலாம், ரீச்சர்?
– வாசகி, உப்புவெளி

பதில்: பிள்ளை, முதலில் என் கதை. இருபது வருடத்துக்கு முன் நானும் வெளிநாட்டுச் சமயக் கல்லூரி ஒன்றின் டிப்ளோமாவைத் தபாலில் செய்தேன். கைக்காப்பை அடகு வைத்த காசு. தங்க எழுத்தில் சான்றிதழ் வந்தது. பதவி உயர்வுக்குக் கொண்டுபோனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "இதை ஆர் அங்கீகரிச்சது?" எனக்கு வாய் திறக்க ஏலவில்லை. சான்றிதழ் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. காப்புத்தான் திரும்பவில்லை.

அதே கேள்வியை அந்த ஒன்லைன் கல்லூரியிடம் நீ கேள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் சமயக் கல்லூரிகள் அரச அனுமதி பெறத் தேவையில்லை என்று விலக்கு உண்டு. விலக்குக் கிடைத்ததாலே தரம் பார்த்ததாகாது. தரம் பார்த்து அங்கீகரிக்கும் அமைப்புகள் வேறு. அவை அங்கீகரித்த கல்லூரிகளை அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடலாம். பெயர் இல்லையென்றால் அந்தக் கல்லூரியை விட்டுவிடு. முழுக்க ஒன்லைன் படிப்பைக் காட்டி மாணவர் விசாவும் எடுக்க ஏலாது.

அசோசியேட் பட்டம் பாதி வழிதான். படித்து முடிக்கும் பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் என்ற அலகில் எண்ணினால் ஏறக்குறைய 60, பீ.ஏ.க்கு 120. மிச்சத்தை எங்கே முடிக்கப் போகிறாய்? அந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் தேடி, "இந்தக் கல்லூரியின் எந்தெந்தப் பாடத்தை ஏற்பீர்கள்?" என்று அவர்களிடமே கேட்டு எழுத்தில் வாங்கு. "எல்லாம் எடுப்பினம்" என்று சின்னக் கல்லூரி சொல்வது கல்யாணத் தரகர் பேச்சு. அந்தந்த ஊருக்கான இரண்டு வருட அரச கல்லூரிகளான கொம்யூனிட்டிக் கல்லூரிகள் பலவற்றில் சமயக் கற்கைகள் என்ற பெயரில் பட்டமே இருக்காது. பொதுக் கலைப் பட்டத்துக்குள் இரண்டு மூன்று பாடம் இருக்கும். அதற்காகத் தள்ளிவிடாதே. கட்டணத்திலும் கவனம்: அந்த ஊரவருக்கு ஒன்று, விசாவில் வருபவருக்கு அதைவிடக் கூட. சித்தப்பா எந்தக் கணக்கைப் பார்த்தார் என்று கேள்.

பாடத்திட்டத்தையும் வாசி. போதகரை உருவாக்கும் படிப்பு வேறு, சமயத்தை ஆராயும் படிப்பு வேறு. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியை நினைத்துப் பார். மான்கள் மேயும் கோட்டைக்குள் விகாரை, மலை உச்சியில் கோயில். நாங்கள் சம்பந்தர் பதிகம் பாடிக் கும்பிட்டுவிட்டு, கடலை வாங்கிக்கொண்டு இறங்குவோம். சமயக் கற்கை படிப்பவளோ, 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பிறகு வழிபாடு எப்படித் தொடர்ந்தது, ஒரு மலையை இரண்டு சமயத்தார் எப்படித் தமதென்கிறார்கள் என்று குடைவாள். வீட்டில் திட்டும் வாங்குவாள். அந்தக் குடைச்சல் உனக்குப் பிடிக்குமா?

திரும்பி வந்து ஆசிரியராகும் எண்ணமிருந்தால், இந்த இரண்டு வருடம் மட்டும் இங்கே பட்டமாகாது. உயர்தரம் எழுத இன்னொரு தடவை மிச்சமிருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இந்து நாகரிகப் படிப்பையும் மனதில் வை.

இரண்டு கல்லூரிகளின் பெயரையும் எழுதாமல் விட்டுவிட்டாயே. சித்தப்பா காசு கட்ட முன்னம் எழுது.