எர்ஃபர்ட்டின் நடனக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரின் பழைய யூத ஜெப ஆலயத்தைப் பார்த்தேன். அதைக் கிடங்காகவும் நடனக்கூடமாகவும் ஆக்கியிருந்தார்கள் என்று அறிந்து மனம் கொதித்தது. இவற்றையெல்லாம் மீண்டும் வழிபாட்டுக்கே கொடுத்தால் என்ன? செல்லே நகரில் ஊர்க்காரர்களே ஆலயத்தைக் காப்பாற்றினார்கள் என்றார் உடன்வந்தவர். உள்ளே போகையில் தொப்பி அணிய வேண்டுமா?

முரளி

அன்புள்ள முரளி,

தொப்பி விஷயத்தை வாசலில் கேளுங்கள், சொல்வார்கள்.

கொதிப்பு நல்லதுதான், ஆனால் தப்பான வாசலில் நின்று கொதிக்கிறீர்கள். 1349இல் எர்ஃபர்ட்டின் யூதர்களைக் கொன்று தீர்த்த பிறகுதான் அது கிடங்கானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாப்பாட்டுக்கடையும் நடனக்கூடமும் வந்தன. சுற்றிலும் கட்டடங்கள் நெருக்க, அது என்னவென்றே ஊருக்கு மறந்துபோனது. 1938 நவம்பரில் நாடெங்கும் யூத ஆலயங்களைத் தாக்கிய நாஜிகள் அதே ஊரின் பெரிய ஜெப ஆலயத்தை எரித்தார்கள். அவர்களின் கண்ணில் இது படவில்லை. அந்த நடனக்கூடத்துக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் ஐயா!

கோபப்பட எஸ்ஸனுக்குப் போங்கள். 1913இல் திறந்த பிரம்மாண்டமான ஆலயம். 1938இல் உள்ளே எரிந்தது, சுவர்கள் நின்றன. போர் முடிந்து, நகராட்சி கைக்கு வந்து, 1961இல் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? தொழிற்சாலைப் பொருள்களின் வடிவமைப்புக் கண்காட்சி! மிஞ்சியிருந்த உள்ளலங்காரத்தையும் அகற்றினார்கள். என்னுடன் வந்த ஜெர்மன் நண்பர் சிறுவனாக அங்கே போயிருக்கிறார். இவ்வளவு பெரிய குவிமாடம் எதற்கு என்று அப்பாவைக் கேட்டாராம். “கண்காட்சிக்கு” என்றாராம் அப்பா. எரிந்த இரவில் அந்த அப்பாவுக்கு இருபது வயதாவது இருக்கும். எர்ஃபர்ட் மறந்தது, சரி. எஸ்ஸனில் யார் மறந்தார்கள்? தீயைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். 1980இல்தான் அது நினைவிடமானது.

திருப்பிக் கொடுப்பது என்றால் யாருக்கு? மரபுப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பல சிற்றூர்களில் ஒரு யூதர்கூட இல்லை.

அப்புறம், செல்லே கதையை நம்பாதீர்கள். அங்கே உள்ளே புகுந்து சூறையாடினார்கள். தீ வைக்காததற்குக் காரணம் பக்கத்துத் தோல் தொழிற்சாலையும் மரச்சட்ட வீடுகளும் பற்றிக்கொள்ளும் என்ற பயம். தீயணைப்பு வீரர்கள் நிஜமாகவே அணைத்த ஊர் கோர்லிட்ஸ். அந்த ஆலயம் பழுதுபார்க்கப்பட்டு 2021இல் பண்பாட்டு அரங்காகத் திறந்தது. அடுத்த முறை அங்கே போய்விட்டு எழுதுங்கள்.