லொகின் திரையிலேயே நம்லொக் எரிய என்ன செய்யலாம்?

கல்முனையில் கடைக் கணக்குப் பார்க்கும் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டிருக்கிறீர்கள். கரண்ட் போய் வந்தால் நம்லொக் (கீபோர்டின் இலக்கப் பகுதியில் இலக்கம் விழச் செய்யும் விசை) அணைந்துவிடுகிறது, இலக்கத்தில் இருக்கும் பாஸ்வேர்ட் விழுவதில்லை. உள்ளே போய் செட்டிங்கை மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள்.

பயன் இருக்காதுதான். அந்த செட்டிங் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் உரியது. லொகின் திரை தோன்றும்போது நீங்கள் இன்னும் உள்ளே வரவில்லையே! அதை நடத்துவது லைட்டிஎம் என்ற தனி நிரல், அதற்குத் தனி செட்டிங்.

முதலில் சொப்ட்வெயர் மேனேஜரில் ‘நம்லொக்எக்ஸ்’ (numlockx) என்று தேடி நிறுவுங்கள். அது இல்லாமல் அடுத்தது வேலை செய்யாது. அப்புறம் மெனுவில் ‘லொகின் விண்டோ’வைத் திறந்து, செட்டிங்ஸ் பக்கத்தில் ‘அக்டிவேட் நம்லொக்’கை ஒன் செய்யுங்கள். அவ்வளவுதான், ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

உபுண்டு என்ற வேறு லினக்ஸில் லொகின் திரையை நடத்துவது ஜிடிஎம் என்பதால் இந்த வழி சரிவராது. அதன் இன்னொரு வகையான குபுண்டுவில் அந்த நிரல் எஸ்டிடிஎம் என்றால் அதன் கொன்ஃபிக் கோப்பில் ஒரு வரி போதும்.

இலக்கத்துக்குத் தனிப் பகுதி இல்லாத பழைய சிறிய லப்டொப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சிலவற்றில் ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 என்று விழும். பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் பிழை கண்ணில் படாது.