மகள் குதிரை லாயத்துக்குப் போகிறேன் என்கிறாள்

அன்புள்ள அக்கா,

போன வாரம் மகளோடு நாகர்கோவில் வடசேரியில் என் இடத்துக்கு வந்து, அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "இவளுக்குக் கிறுக்கு எதுவும் பிடிச்சிருக்கா?" இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் குதிரை என்றதும் எனக்கே வாயடைத்துவிட்டது. என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டு இருபது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். நர்சிங், மெரைன், ஐ.டி., துபாய் விசா எல்லாம் வந்திருக்கிறது, குதிரை இதுவரை வரவில்லை. நீங்கள் சம்மதித்ததால் பெயர் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன்.

பெங்களூருவில் சித்தி வீட்டுக்கு லீவுக்குப் போன பிள்ளை, பக்கத்துக் குதிரையேற்றப் பள்ளியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கே பழக்குவது டிரெஸ்ஸாஜ். ரேஸும் இல்லை, தாண்டுவதும் இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் மணல் களம், ஓரத்தில் ஆங்கில எழுத்துப் பலகைகள். இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்துவரை ட்ராட் என்கிற சீரான துள்ளோட்டம், அங்கே ஒரு வட்டம், நடுவில் வந்து அசையாமல் நின்று நடுவருக்கு வணக்கம். ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். சவாரி செய்பவர் ஒன்றுமே செய்யாததுபோல் தெரிய வேண்டும், அதுதான் வித்தை. பரதநாட்டியத்தில் அரைமண்டியில் வருடக்கணக்காக நிற்கவைக்கிறார்களே, அந்த மாதிரிப் பொறுமை.

நீங்கள் கிளம்பும்போது அவள் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தாள். ராத்திரி முழுசாகப் படித்தேன். சவாரி பற்றி ஆறேழு பக்கம் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் எந்தக் குதிரைக்கு எத்தனை கிலோ புல், எதற்குக் கொள்ளு ஒத்துக்கொள்ளவில்லை, குளம்பின் அடியில் ஈரம் தங்கினால் என்ன நாற்றம் வரும், லாடம் அடிப்பவர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் என்னென்ன பார்க்கிறார் என்பதுதான். ஒரு பக்கத்தில் இப்படி:

"10.40 – இடது பக்கம் காது வைத்தேன், சத்தமே இல்லை. 1.15 – லேசாகக் கடமுடா. 3.50 – சாணி போட்டது! எல்லாரும் கைதட்டினோம்."

என்ன நடந்தது என்று பிறகு அவளிடம் கேட்டேன். ஒரு பெண்குதிரைக்கு வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது அக்கா. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் போயாக வேண்டும், குடல் அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ உயிருக்கே ஆபத்து. டாக்டர் ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, விடியும்வரை கவனிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கோச், கோடீஸ்வர வீட்டுப் பெண் ஒருத்தி, பீகாரிலிருந்து வந்து குதிரைகளைப் பராமரிக்கும் குதிரைக்காரர், உங்கள் மகள் என்று நாலு பேரும் மாறி மாறிக் கயிற்றைப் பிடித்து நடத்தியிருக்கிறார்கள். ஒரே ஃப்ளாஸ்க்கில் டீ. "அன்னைக்கு அங்க யாரும் முதலாளி இல்ல சார்" என்றாள்.

அந்த வார்த்தையில்தான் அவள் மயங்கியிருக்கிறாள். அதனால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். "மக்கா, மறுநாள் காலையில் அந்தக் குதிரைக்காரர் எங்கே தூங்கினார்?" யோசித்துவிட்டு, "லாயத்துக்குப் பின்னாடி ஷெட்ல" என்றாள். அந்தப் பெண் காரில் வீட்டுக்குப் போயிருப்பாள். லாயம் குடும்பம் மாதிரிதான், பொய்யில்லை. எந்த எழுத்தில் என்ன அசைவு என்ற வரிசையை டெஸ்ட் என்பார்கள், அதை ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஓட்டுவார், புதுசாக வந்த பிள்ளை நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லும் மார்க்கை எழுதும், சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் ஓடும். ஆனால் குதிரை வைத்திருப்பவர், குதிரை பார்ப்பவர் என்ற கோடும் அங்கே உண்டு. அந்தக் கோட்டில் உங்கள் மகள் எங்கே நிற்கப் போகிறாள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

போட்டி வீராங்கனையாகவா? 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியது, குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். சுதிப்தி ஹஜேலா, திவ்யக்ரிதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா என்று நாலு பேர். இதில் ஆண் பெண் ஒரே போட்டிதான், அது பெரிய விஷயம். அனுஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓட்டினார். ஆனால் அவர் பதினேழு வயதிலேயே ஜெர்மனிக்குப் போய்ப் பழகியவர். அந்த மட்டத்துக் குதிரையின் விலையில் மார்த்தாண்டத்தில் காம்ப்ளக்ஸ் கட்டலாம். ஷார்ஜாவில் அத்தான் சம்பாதிக்கும் பணத்தில் இது ஆகாது, ஆசைகாட்டி அவரைக் கடனில் இறக்கவும் கூடாது.

சரி, அப்புறம் எதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால், நோட்டில் இருப்பது ஒரு கால்நடை டாக்டரின் கை. அவளுக்கே அது இன்னும் தெரியவில்லை.

"நீட் எழுத மாட்டேங்கிறாளே" என்று நீங்கள் அழுதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு, அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள் போக மற்றதெல்லாம் பிளஸ் டூ மார்க்கில்தான். அவள் எடுத்திருக்கும் பயோ-மேத்ஸ் போதும். ஐந்தரை வருடப் படிப்பு, அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. நமக்குப் பக்கம் திருநெல்வேலிக் கல்லூரி. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளைப் பார்த்துவிடலாம் என்று உங்கள் மனசு அங்கேதான் போகும். என் மனசு வேப்பேரிக்குப் போகிறது. சென்னைக் கால்நடைக் கல்லூரியில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவு இருக்கிறது, மாணவர்களே சவாரி பழகலாம். மார்க் இடம்கொடுத்தால் கவுன்சலிங்கில் அதை முதலில் போடுங்கள்.

குதிரை பார்க்கும் டாக்டருக்கு வேலை எங்கே என்றால், நம் மாவட்டத்தில் கிடைக்காது, ஒளிக்க வேண்டாம். இங்கே மாடு, ஆடு, கோழி, நாய்தான். பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம் ரேஸ் கோர்ஸும் பண்ணைகளும் இருக்கின்றன, வளைகுடாவில் குதிரைகளுக்கென்றே ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. எதுவும் அமையாவிட்டாலும் கையில் டாக்டர் பட்டம் இருக்கும், அரசு மருந்தகத்துக்குத் தேர்வு எழுதலாம். லாயத்தில் நேராகப் போய்ச் சேர்ந்தால் இந்த இரண்டாவது வழி இல்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. பாண்டியர்கள் காயல் துறையில் கப்பல் கப்பலாக அரபுக் குதிரை வாங்கினார்கள். இங்கே வந்ததும் செத்துக்கொண்டே இருந்தன. லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள், செத்தால்தானே மறுபடி வாங்குவார்கள் என்று மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய அரசனுக்கு, குளம்பு பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை.

விழுந்து கை கால் ஒடிந்தால் யார் கட்டுவான் என்றும் கேட்டீர்கள். விழுவாள்தான். குதிரை ஏறியவர் எல்லாரும் விழுந்திருக்கிறார்கள். வாரில் இறுக்கிய ஹெல்மெட், குதிகால் வைத்த பூட்ஸ், நிதானமான குதிரை, பக்கத்தில் கோச், இந்த நாலும் இல்லாத இடத்தில் ஏறவிடாதீர்கள். கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாமே அக்கா, பிள்ளைக்குப் பதினேழுதான்.

மார்ச் பரீட்சை முடியும்வரை குதிரைப் பேச்சை நீங்களும் எடுக்காதீர்கள், அவளும் எடுக்க மாட்டாள் என்று என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் திரும்ப சித்தி வீட்டுக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை சவாரிக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம். மூன்று வாரம் காலை ஐந்து மணிக்குப் போய்ச் சாணி அள்ளட்டும், தண்ணீர் தூக்கட்டும். நான் கோச்சிடம் போனில் பேசுகிறேன். பத்தாம் நாளும் அலாரத்துக்கு முன்னால் எழுந்தால் கால்நடைக் கல்லூரி விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். எழவில்லை என்றால் அதுவும் நல்லதுதான், நர்சிங், பயோடெக் என்று வேறு பேசலாம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டி ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: "குதிரைக்குப் பித்தப்பையே கிடையாதாம். அப்போ தீனியில் எண்ணெய் ஊற்றினால் எப்படிச் செரிக்கும்?" எனக்குத் தெரியவில்லை. தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார்.